4.5 மி.மீ. ஏர்கன்: வாங்கியது, கெடுத்தது, சரிசெய்தது

நேற்று சாயங்காலம் பத்து மீட்டர் தூரத்தில் ஐந்து குண்டு சுட்டேன். அட்டையைக் கழற்றி மேசையில் வைத்து, மேலே ஒரு ரூபாய் நாணயத்தை வைத்தேன். ஐந்து துளைகளும் நாணயத்துக்கு அடியில் மறைந்துவிட்டன. நாணயத்தின் விட்டம் 22 மி.மீ. நான்கு மாதம் முன்பு இதே துப்பாக்கியில், இதே தூரத்தில் சுட்ட துளைகளை மறைக்க காபி டபராவைக் கவிழ்க்க வேண்டியிருந்தது. நடுவில் ஒரு முறை துப்பாக்கியை நானே பாழாக்கி, நானே பிரித்து, வாஷர் செய்து போட்டேன். மறப்பதற்குள் எல்லாவற்றையும் வரிசையாக எழுதி வைக்கிறேன். மலிவு விலையில் ஏர்கன், அதாவது காற்றுத் துப்பாக்கி, வாங்க நினைப்பவர்களுக்கு இதில் பாதியாவது பயன்படும்.

நாங்கள் இருப்பது திருவல்லிக்கேணி. தாத்தா காலத்து வீடு, அகலம் குறைவு, நீளம் அதிகம். ரேழியில் நின்று பார்த்தால் பின்கட்டுச் சுவர் வரை ஒரே நேர்க்கோடு. டேப் வைத்து அளந்தேன், 11.4 மீட்டர். சின்ன வயதில் மெரினாவில் பலூன் சுடும் கடையைத் தாண்டி என்னால் போகவே முடியாது. அந்த ஆசை எனக்குள் அப்படியே இருந்திருக்கிறது. என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். தோழியோடு ஒரு ரைஃபிள் கிளப்பின் அறிமுக வகுப்புக்குப் போய் வந்தவள், "அப்பா, இதை நான் விடாம பண்ணணும்" என்றாள். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றதும், 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கிய ககன் நாரங் சென்னையில் பிறந்தவர் என்பதும் எனக்கே அவள் சொல்லித்தான் தெரியும். இருவருடையதும் பத்து மீட்டர் ஏர் ரைஃபிள்.

போட்டிக்கான துப்பாக்கி லட்சங்களில் போகிறது. அதை இப்போதைக்கு வாங்க முடியாது, வாங்கவும் அவசியமில்லை, கிளப்பில் கொடுக்கிறார்கள். வீட்டில் நிற்க, மூச்சைப் பிடிக்க, குறி பார்க்க, ட்ரிகரை மெதுவாக இழுக்கப் பழக ஒன்று வேண்டும். அதற்கு 12,000 ரூபாய் ஒதுக்கினேன்.

கேலிபர், அதாவது குழலின் துளை அளவு, இந்த விஷயத்தில்தான் முதல் குழப்பம். பெரியப்பா சொன்னார்: "வாங்கறதே வாங்கற, பாயிண்ட் டூ டூவா வாங்குடா. குண்டு பெருசு, அடியும் பலமா இருக்கும்." பாயிண்ட் 22 என்றால் 5.5 மி.மீ., பாயிண்ட் 177 என்றால் 4.5 மி.மீ. இரண்டு நாள் நானும் பெரியதன் பக்கம்தான் சாய்ந்திருந்தேன். அண்ணா சாலையில் ஒரு பழைய ஆயுதக் கடைக்குப் போய்க் கேட்டதும் கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி: "லைசென்ஸ் இருக்கா சார்?"

2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள்படி, துளை 4.5 மி.மீ.க்கு மேல் போனாலோ, குண்டு வெளியேறும் சக்தி 20 ஜூல் என்ற அளவைத் தாண்டினாலோ ஏர்கன்னுக்கும் உரிமம் வேண்டும். இரண்டுக்கும் உட்பட்டிருந்தால் உரிமம் வேண்டாம். கடையில் அடையாள அட்டையும் முகவரிச் சான்றும் கொடுத்து, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு வாங்கலாம். அதாவது 5.5 என்ற பேச்சே நமக்கு இல்லை. இதைத் தெரிந்துகொள்ளாமல், யாரோ பழையது விற்கிறார்கள் என்று பாயிண்ட் 22ஐ வாங்கி வீட்டில் வைத்துக்கொள்வது பெரிய வம்பு. விலை பார்ப்பதற்கு முன்னால் இதைப் பார்த்துவிடுங்கள்.

சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் நம் வேலைக்கு 4.5 தான் சரி. பத்து மீட்டர் போட்டி உலகம் முழுவதும் 4.5இல்தான் நடக்கிறது. 4.5 குண்டு ஏறத்தாழ அரை கிராம், 5.5 ஏறத்தாழ 0.9 கிராம். ஒரே பலமுள்ள ஸ்பிரிங் தள்ளினால் எடை குறைந்த குண்டு வேகமாகப் போகும், பாதையும் அதிகம் வளையாது. பெரிய குண்டு தூரத்தில் உயிரைக் கொல்ல விரும்புகிறவர்கள் கேட்பது. கிளியைச் சுட்டாலும் அது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2021இல் அருணாச்சலப் பிரதேசத்தில் மக்கள் ஏர்கன்களைத் தாங்களாகவே ஒப்படைக்க ஓர் இயக்கமே தொடங்கினார்கள். காட்டில் பறவைச் சத்தம் குறைந்து போனதுதான் காரணம். நாங்கள் வாங்குவது காகிதத்தைச் சுட மட்டும் என்று மகளிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன். அவளும் அதில் என்னைவிடக் கண்டிப்பு.

கடைக்காரர் மூன்று காட்டினார். மூன்றும் நடுவில் மடித்து ஸ்பிரிங்கை ஏற்றும் வகை, நாம் மெரினாவில் பார்க்கிற அதே அமைப்பு. 14,000 ரூபாய்க்கு இருந்தது பலம் அதிகம், எடையும் அதிகம், ஏற்றுவதற்கு என் கையே நடுங்கியது. 5,000 ரூபாய்க்கு இருந்ததில் பேரலை மடித்து மூடிய பிறகு பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தேன், லேசாக ஆடியது. மடிப்பில் ஆட்டம் இருந்தால் ஒவ்வொரு முறையும் பேரல் வேறு வேறு இடத்தில் உட்காரும், குறியும் அலையும். மூன்றாவது, பழைய ஜெர்மன் அமைப்பைப் பார்த்து நம் நாட்டிலேயே செய்தது. ஆட்டம் இல்லை, மகளால் இரண்டு கையால் ஏற்ற முடிந்தது, பின்குறியை ஏற்றி இறக்கத் திருகு இருந்தது. 8,500 ரூபாய். என் பெயரில் வாங்கினேன். ட்ரிகர் பூட்டு போட்டு இரும்பு பீரோவில் இருக்கிறது, சாவி என்னிடம். நான் பக்கத்தில் இல்லாமல் அவள் தொடுவதில்லை.

அடுத்தது குண்டைப் பிடிக்கும் பெட்டி. முதல் பெட்டியை அவசரத்தில் செய்தேன். அட்டைப் பெட்டிக்குள் பழைய செய்தித்தாளை இறுக்கி அடைத்துப் பின்கட்டுச் சுவரோரம் வைத்தேன். ஒரே இடத்தில் அறுபது எழுபது குண்டு விழுந்ததும் காகிதம் தூளாகி, குண்டு நேராகச் சுவருக்குப் போய் சுண்ணாம்பைப் பெயர்த்தது. பலகையைப் பின்னால் வைக்கலாம் என்று நினைத்து, நல்லவேளை முதலில் ஒரே ஒரு குண்டு சுட்டுப் பார்த்தேன். கெட்டி மரத்தில் பட்ட குண்டு திரும்பி வந்து பாதி வழியில் விழுந்தது. அன்றே ஹார்டுவேர் கடையில் ஆளுக்கொரு பாதுகாப்புக் கண்ணாடி வாங்கினேன்.

இப்போதுள்ள பெட்டி வீட்டில் கிடந்த பிளைவுட்டில் செய்தது, வாய் 30 செ.மீ. சதுரம். உள்ளே 3 மி.மீ. இரும்புத் தகடு, 45 டிகிரி சாய்த்து, மேல் விளிம்பு நம் பக்கம் வருகிற மாதிரி. குண்டு தகட்டில் பட்டு நேராகக் கீழே மணல் தட்டில் விழுகிறது. வாயை மூடி குறி அட்டை இருப்பதால் சிதறுவதும் வெளியே வராது. தகடு வெட்டிக் கொடுக்க 260 ரூபாய் ஆனது. குண்டு ஈயம் என்பதால் பெட்டிப் பக்கத்தைத் துடைப்பத்தால் பெருக்குவதில்லை, ஈரத் துணியால் துடைத்துத் துணியைத் தூக்கிப் போட்டுவிடுகிறோம். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் எதையும் சாப்பிடுவது. சுடும் நேரத்தில் பின்கட்டுக் கதவு தாழ்ப்பாள் போட்டிருக்கும்.

துப்பாக்கி வந்த முதல் வாரம் குறி அங்குமிங்கும் போனது. வேகம் சரியில்லையோ என்று சந்தேகம். வேகம் அளக்கும் கருவி வாங்கப் பணமில்லை, போனில் சத்தத்தைப் பதிவு செய்து அளந்தேன். போனைத் துப்பாக்கிக்குப் பக்கத்தில் வைத்துப் பதிவு செய்தால், சுடும் சத்தமும், குண்டு தகட்டில் படும் டங்கென்ற சத்தமும் இரண்டு முள்ளாகத் தெரியும். கணினியில் ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் திறந்து இரண்டு முள்ளுக்கும் நடுவில் எத்தனை மில்லி விநாடி என்று பார்க்க வேண்டும். தகட்டுச் சத்தம் பத்து மீட்டர் திரும்பி வர 29 மில்லி விநாடி ஆகும், நம் ஊர் வெப்பத்துக்கு. அதைக் கழித்தால் மிச்சம் குண்டு போன நேரம். எனக்கு 112 வந்தது. 29 கழித்தால் 83. பத்து மீட்டரை 0.083ஆல் வகுத்தால் விநாடிக்கு 120 மீட்டர். அரை கிராம் குண்டுக்கு இது நாலு ஜூல்கூட இல்லை. ஒரு முறை 120, அடுத்த முறை 134, பிறகு 115. வேகம் இப்படி ஏறி இறங்கினால் குறி நிற்காது.

இங்கேதான் பெரிய தப்பு செய்தேன். "எண்ணெய் காஞ்சு போயிருக்கும், ரெண்டு சொட்டு விடு" என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். அவர் சொன்னது சரி. எந்த எண்ணெய் என்று நான் கேட்கவில்லை. வீட்டில் இருந்த தையல் மெஷின் எண்ணெயை, பேரலை மடித்தால் தெரிகிற காற்றுத் துளை வழியாகப் பதினைந்து சொட்டாவது விட்டேன். அடுத்த குண்டு பட்டாசு போல வெடித்தது. பேரல் வாயில் நீலப் புகை, கருகிய நாற்றம். பக்கத்து வீட்டு மாமி, "என்ன வெடிச்சுது?" என்று கேட்டுக்கொண்டு ரேழி வரை வந்துவிட்டார். தகட்டில் விழுந்த சத்தமும் பலமாக இருந்ததால் துப்பாக்கி சரியாகிவிட்டது என்றே நினைத்தேன். அப்படியே முப்பது குண்டு சுட்டேன்.

நடந்தது இதுதான். ஸ்பிரிங் தள்ளி பிஸ்டன் முன்னால் பாயும்போது, குண்டைத் தள்ள வேண்டிய காற்று உள்ளே இறுகிச் சூடாகும். அந்தச் சூட்டில் எண்ணெய் ஆவி பற்றிக்கொள்ளும், டீசல் இஞ்சினில் நடக்கிற மாதிரி. அந்த வெடிப்பு பிஸ்டனைப் பின்னால் உதைக்கும். பிஸ்டன் முனையில் காற்றை அடைக்கும் வாஷர் கருகும், ஸ்பிரிங்கும் உடையும். முப்பத்தோராவது குண்டு பேரலை விட்டே வெளியே வரவில்லை. ஏற்றும்போது உள்ளே கரகரவென்று உலோகம் உரசியது. மகள் ஒன்றும் சொல்லாமல் பேரலைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்த்துத்தான் அன்று ராத்திரியே பிரித்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

மரக்கட்டையிலிருந்து இரும்பைக் கழற்ற மூன்று திருகுகள் போதும். அதற்கப்புறம் கவனம் வேண்டும். பின்னால் உள்ள அடைப்பை இரண்டு குறுக்கு ஊசிகள் பிடித்திருக்கின்றன, உள்ளே ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கிறது. ஊசியைச் சும்மா தட்டி எடுத்தால் அடைப்பு மூஞ்சியில் வந்து அடிக்கும். தெருமுனைத் தச்சரிடம், பலகை ஒட்டும்போது இறுக்குகிற நீளக் கிளாம்ப் ஒன்றை இரவல் வாங்கினேன். துப்பாக்கிக் குழலைப் பலகை மேல் படுக்க வைத்து, இரண்டு முனையையும் கிளாம்ப்பால் லேசாக இறுக்கி, ஊசிகளை ஆணியால் தட்டி எடுத்து, பிறகு கிளாம்ப்பை ஒவ்வொரு சுற்றாகத் தளர்த்தினேன். ஸ்பிரிங் ஆறு செ.மீ. வெளியே நீண்ட பிறகுதான் அழுத்தம் ஓய்ந்தது. கிளாம்ப் இல்லாமல் இதைத் தொடவே தொடாதீர்கள்.

ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று உடைந்து இரண்டாக இருந்தது. பிஸ்டன் முனையில் இருந்த வாஷர் தோல். பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது: எங்கள் வீட்டு அடிபம்பில் அப்பா மாற்றுவாரே, அதே கிண்ண வாஷர், சின்ன அளவில். விளிம்பு கருகி, ஒரு பக்கம் கிழிந்து, மீதி சருகு போல் காய்ந்திருந்தது. ஆரம்பத்தில் வேகம் குறைந்ததற்கும் காரணம் கிடைத்தது. கடையில் மாதக்கணக்கில் கிடந்து தோல் காய்ந்து சுருங்கியிருக்கிறது. காய்ந்த வாஷர் காற்றைப் பிடிக்காது. அடிபம்பு தண்ணீர் ஏற்றவில்லை என்றால் முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி வாஷரை ஊற வைப்போம். இங்கேயும் அதையேதான் செய்திருக்க வேண்டும், ஏற்ற எண்ணெயில், இரண்டே சொட்டில்.

ஸ்பிரிங் கடையில் கிடைத்தது, 400 ரூபாய். வாஷர் மட்டும் இல்லை. ரப்பரில் ஏதாவது போடலாமா என்று யோசித்து, அடிபம்பு ஞாபகத்தில் தோலிலேயே செய்வதென்று பெரியமேட்டுக்குப் போனேன். சென்னையில் தோல் என்றால் பெரியமேடுதான். முதல் கடையில் மெத்தென்று இருந்த கறுப்புத் துண்டு ஒன்றை 60 ரூபாய்க்கு வாங்கினேன். அது குரோம் பதனிட்ட தோல், பைக்கும் செருப்பின் மேல்பாகத்துக்கும் போவது. வீட்டில் நனைத்து அழுத்தினால் கிண்ணம் போல் வந்தது, கையை எடுத்ததும் மறுபடி தட்டையாகிவிட்டது. இரண்டாம் முறை போனபோது ஒரு பெரியவரிடம் பழைய வாஷரைக் காட்டினேன். விரலால் மடித்துப் பார்த்தவர், "இது பட்டைத் தோல் தம்பி. நனைச்சு எப்படி வச்சாலும் அப்படியே நிக்கும்" என்றார். மரப்பட்டையில் பதனிட்டது. நம் பக்கத்தில் காலங்காலமாக ஆவாரம்பட்டை போட்டுப் பதனிடுவார்கள். செருப்பு அடித்தோலுக்கு வைத்திருந்ததில் 3.5 மி.மீ. கனத்தில் உள்ளங்கை அளவு துண்டு வெட்டிக் கொடுத்தார். 90 ரூபாய். இளம் பழுப்பு, வளைத்தால் லேசாக முறுமுறுத்தது, மூக்கருகே கொண்டுபோனால் டீத்தூள் மாதிரி ஒரு வாசனை.

துப்பாக்கிக் குழலின் உள்விட்டம் வெர்னியரில் 25 மி.மீ. வந்தது. தோல் இரண்டு பக்கமும் 3.5 என்றால் 7 போகும், நடுவில் அழுத்தும் கட்டை 18 மி.மீ. இருக்க வேண்டும். புதுப்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் 25 மி.மீ. துளையிட்ட இரும்பு வளையமும், 18 மி.மீ. உருளையும் கடைந்து வாங்கினேன், 200 ரூபாய். வளையத்தின் வாயை மட்டும் கொஞ்சம் சரிவாக இழைக்கச் சொன்னேன், தோல் கிழியாமல் உள்ளே இறங்க.

தோலை 45 மி.மீ. வட்டமாக வெட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் ஊறப் போட்டேன். குமிழ் வருவது நின்றதும் எடுத்து, வளையத்தின் மேல் நடுவாக வைத்து, உருளையை மேலே வைத்து, தச்சரின் கிளாம்ப்பாலேயே மெதுவாக இறுக்கினேன். ஒரே மூச்சில் இறுக்கினால் விளிம்பில் மடிப்பு விழுகிறது. கால் சுற்று, ஒரு நிமிஷம் விட்டு இன்னொரு கால் சுற்று. தண்ணீர் பழுப்பாகக் கசிந்து சொட்டியது. அப்படியே இரண்டு நாள் ஃபேன் காற்றில் வைத்தேன். வெயிலில் வைத்தால் விறைத்து வெடித்துவிடும் என்று பெரியவர் சொல்லியிருந்தார். மூன்றாம் நாள் உருளையைத் தட்டி எடுத்தால், சுவர் நேராக நிற்கிற ஒரு சின்னக் கிண்ணம். மகள் அதை விரல் நுனியில் மாட்டிக்கொண்டு வீடு முழுக்க எல்லோரிடமும் காட்டினாள்.

விளிம்பை 8 மி.மீ. உயரத்துக்குப் புது பிளேடால் சமமாக நறுக்கினேன். நடுவில் திருகுக்கு 6 மி.மீ. துளை. ராத்திரி முழுக்க விளக்கெண்ணெயில் ஊற வைத்து, காலையில் பிழிந்து, வெளியே ஈரம் தெரியாதபடி துணியில் ஒற்றி எடுத்தேன். பிஸ்டனில் திருகிக் குழலுக்குள் விட்டு, காற்றுத் துளையைக் கட்டை விரலால் அடைத்துக்கொண்டு பிஸ்டனைத் தள்ளினேன். பாதியில் காற்று எதிர்த்து நின்றது. கையை விட்டால் பிஸ்டன் பின்னால் எழும்பியது. சைக்கிள் பம்பின் வாயை அடைத்தால் எப்படித் தள்ளுமோ அப்படி. அந்த எதிர்ப்பு கையில் பட்டபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எழுத்தில் சொல்லத் தெரியவில்லை.

புது ஸ்பிரிங்குக்கு ஜிபி ரோட்டில் வாங்கிய மாலிப்டினம் கிரீஸ், 180 ரூபாய் டப்பா, லேசாக ஒரு பூச்சு மட்டும். வாஷருக்கு முன்னால் கிரீஸ் போகவே கூடாது, போனால் மறுபடி அதே வெடிப்புதான். பேரல் மடியும் இடத்திலும் ஒரு சின்ன வாஷர் இருக்கிறது. அங்கே காற்று கசிகிறதா என்று பார்க்க, டிஷ்யூ காகிதத்தைக் கிழித்து மூட்டின் மேல் வைத்துச் சுட்டேன். காகிதம் அசையவில்லை, அதைத் தொடாமல் விட்டுவிட்டேன்.

முதல் பத்து குண்டுக்கு லேசாகப் புகை வந்தது, பிறகு நின்றது. மறுபடி போனை வைத்து அளந்தேன். 89 மில்லி விநாடி. 29 கழித்தால் 60. விநாடிக்கு 167 மீட்டர், ஏறத்தாழ ஏழு ஜூல். சட்டம் சொல்லும் 20க்கு வெகு கீழே, காகிதத்துக்குத் தாராளமாகப் போதும். அதைவிட முக்கியம், அடுத்த பத்து குண்டும் 164க்கும் 169க்கும் நடுவிலேயே இருந்தன.

வேகம் ஒரே நிலைக்கு வந்ததும் குண்டைத் தேர்ந்தெடுத்தேன். இதை யாரும் முதலிலேயே சொல்லவில்லை: 4.5 என்று டப்பாவில் போட்டிருந்தாலும் எல்லாம் ஒரே 4.5 இல்லை. நல்ல டப்பாக்களில் குண்டின் தலை அளவு 4.50, 4.51, 4.52 என்று அச்சிட்டிருக்கும். 350 ரூபாய்க்கு வாங்கிய நகைத் தராசில் உள்ளூர் குண்டு இருபதை நிறுத்தேன். 0.46 கிராமிலிருந்து 0.55 வரை இருந்தன. ஜெர்மன் ஹெச் அண்ட் என் டப்பாவில் எல்லாமே 0.52, 0.53. கையைத் தலையணையில் வைத்து ஒவ்வொரு வகையிலும் ஐந்தைந்து சுட்டு, துளைகளின் வெளி விளிம்புக்கு வெளி விளிம்பு அளந்தேன். உள்ளூர்க் கூர்முனை 52 மி.மீ., உள்ளூர்த் தட்டைத்தலை 34, ஜெர்மன் தட்டைத்தலை 4.50இல் 27, அதே 4.52இல் 21. 4.50 குண்டு பேரலுக்குள் தானாக விழுந்தது. 4.52ஐக் கட்டை விரலால் கொஞ்சம் அழுத்தி உட்கார வைக்க வேண்டியிருந்தது. என் பேரலுக்கு அந்த இறுக்கம்தான் பிடித்திருக்கிறது, உங்களுடையதற்கு வேறாக இருக்கலாம். பத்து மீட்டருக்குத் தட்டைத்தலையே வாங்குங்கள், காகிதத்தில் பேப்பர் பஞ்ச் போட்ட மாதிரி சுத்தமான வட்டம் விழும். கூர்முனைக் குண்டு காகிதத்தைக் கிழிக்கிறது, எங்கே பட்டது என்றே சரியாக எண்ண முடியாது. போட்டி அட்டையில் பத்துக்கான புள்ளி வெறும் அரை மி.மீ. என்பதால் துளையின் விளிம்பு துல்லியமாகத் தெரிவது முக்கியம்.

நடுவில் 1,900 ரூபாய், குறி பார்க்கத் துப்பாக்கி மேல் மாட்டும் ஒரு டெலஸ்கோப்பில் போனது. அது பெரிய தூரத்துக்குச் செய்தது, பத்து மீட்டரில் படம் மங்கல். ஸ்பிரிங் ஏர்கன் முன்னும் பின்னும் இரண்டு பக்கமும் உதைப்பதால், அதற்கென்றே செய்யாத டெலஸ்கோப் தாங்காது. இரண்டு வாரத்தில் உள்ளே குறுக்குக்கோடு சாய்ந்துவிட்டது. கழற்றிவிட்டுத் துப்பாக்கியிலேயே இருக்கும் முன்குறி, பின்குறிக்குத் திரும்பினோம்.

பிடிக்கும் விதமும் மாறியது. நான் முதலில் துப்பாக்கியை இறுக்கிப் பிடித்தேன். ஸ்பிரிங் வகைக்கு அது ஆகாது. உள்ளங்கையை விரித்து, கட்டையை அதன் மேல் சும்மா உட்கார வைத்து, உதைப்பை அதன் போக்கில் விட வேண்டும், ஒவ்வொரு முறையும் கட்டையின் அதே இடத்தில். மகள் இதை ஒரு நாளில் பிடித்துக்கொண்டாள், எனக்கு மூன்று வாரம் ஆனது. குண்டு போடாமல் ட்ரிகரை இழுக்கவே கூடாது. காற்று மெத்தை இல்லாமல் பிஸ்டன் நேராகப் போய் மோதும்.

கடற்கரை பக்கத்தில் இருப்பதால் துருவோடு தினமும் சண்டை. ரெக்சின் உறையில் வைத்த நான்கே நாளில் பேரலில் விரல்ரேகை வடிவிலேயே துரு பூத்தது. உறை ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. இப்போது பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வைக்கிறேன், பீரோவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் இருக்கின்றன. தையல் மெஷின் எண்ணெய்க்கு இங்கே வேலை இருக்கிறது, பேரலின் வெளிப்பக்கம் துடைக்க மட்டும்.

கணக்கைப் பார்த்தேன். துப்பாக்கி 8,500, உள்ளூர் குண்டு இரண்டு டப்பா 240, ஜெர்மன் குண்டு 500 உள்ள டப்பா 1,450, தகடு 260, ஸ்பிரிங் 400, தோல் இரண்டு முறையும் சேர்த்து 150, லேத் 200, கிரீஸ் 180, தராசு 350, டெலஸ்கோப் 1,900. மொத்தம் 13,630. டெலஸ்கோப்பும், நான் உடைத்த ஸ்பிரிங்கும் இல்லையென்றால் ஒதுக்கிய பணத்துக்குள்ளேயே முடிந்திருக்கும். மறுபடி வாங்குவதாக இருந்தால் இதே துப்பாக்கியைத்தான் வாங்குவேன். வாங்கிய அன்றே வாஷர் தோலா, செயற்கையா என்று கேட்டு, அதற்குரிய எண்ணெயையும் சேர்த்து வாங்கிவிடுவேன். குண்டு முதலில் ஒரே டப்பா வாங்காமல் மூன்று வகையில் கொஞ்சம் கொஞ்சம் வாங்கிச் சோதித்திருப்பேன்.

விளக்கெண்ணெய் நாளாக ஆகப் பிசின் மாதிரி ஆகும். தோலுக்கென்றே இருக்கிற நீட்ஸ்ஃபுட் எண்ணெயைப் பெரியமேட்டில் சொல்லி வைத்திருக்கிறேன், அடுத்த வாரம் வருகிறது. பட்டைத் தோல் இன்னும் இரண்டு வாஷருக்கு மிச்சம் இருக்கிறது. அந்த வளையத்தையும் உருளையையும் எண்ணெய்த் துணியில் சுற்றி, பீரோவில் துப்பாக்கிக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். அடுத்த வாஷரை அழுத்துவது தான்தான் என்று மகள் சொல்லிவிட்டாள்.